டெக்ஸ்டெரிட்டி

டெக்ஸ்டெரிட்டி என்பது திறமையை, குறிப்பாகக் கைகளையும் விரல்களையும் நுட்பமாகக் கையாளும் ஆற்றலைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் ஆகும். இடத்திற்கேற்பத் தமிழில் இதனைக் கைத்திறன், லாவகம், சாமர்த்தியம் எனலாம். அறுவை மருத்துவர், நெசவாளர், வீணைக் கலைஞர் ஆகியோரின் கைத்திறனைக் குறிக்க இது பயன்படுகிறது. மனக்கூர்மையையும் பேச்சுத்திறனையும் இச்சொல்லால் குறிப்பதுண்டு.

சொற்பிறப்பு

இச்சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. இதன் மூலம் 'டெக்ஸ்டெர்' என்னும் இலத்தீன் சொல்லாகும். அதன் முதற்பொருள் 'வலப்பக்கத்துக்குரிய' என்பதே. பெரும்பாலான மக்கள் வலக்கைப் பழக்கம் உடையவர்கள். ஆதலால் வலக்கையைக் குறித்த சொல்லே 'திறமையான', 'நற்பேறு தரும்' என்னும் பொருள்களையும் பெற்றது.

கிரேக்கத்தின் 'டெக்ஸியோஸ்', சமசுகிருதத்தின் 'தட்சிண' ஆகியவை இதன் இனச்சொற்கள். 'தட்சிண' என்பதற்கு வலம், திறமையுள்ள, தெற்கு ஆகிய பொருள்கள் உண்டு. கிழக்கு நோக்கி நிற்பவருக்குத் தெற்கு வலப்பக்கம் அமைவதே திசைப்பொருளுக்குக் காரணம். தக்காணம் என்னும் நிலப்பகுதியின் பெயரும் இச்சொல்வழி வந்ததே.

தொடர்புடைய சொற்கள்

* அம்பிடெக்ஸ்ட்ரஸ்: இரு கைகளையும் ஒரே திறனுடன் பயன்படுத்துபவரைக் குறிக்கும். இதன் நேர்ப்பொருள் 'இரண்டும் வலக்கையான' என்பதாகும்.
* டெக்ஸ்ட்ரோஸ்: முனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பும் குளுக்கோசு சர்க்கரையின் பெயர்.
* சினிஸ்டர்: இலத்தீனில் 'இடப்பக்கத்துக்குரிய' எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் 'தீய நோக்கமுடைய' என்னும் பொருளில் வழங்குகிறது.
* கோஷ்: பிரெஞ்சு மொழியில் 'இடது'. ஆங்கிலத்தில் நயமற்ற நடத்தையைக் குறிக்கும்.

தமிழில்

தமிழ் இம்மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எனினும் இங்கும் இதையொத்த பொருள்வளர்ச்சி காணப்படுகிறது. 'வலம்' என்னும் சொல் வலப்பக்கத்துடன் வலிமை, வெற்றி ஆகியவற்றையும் குறிக்கும். 'வலவன்' என்பதற்குத் திறமையாளன், தேர்ப்பாகன் என்னும் பொருள்கள் உண்டு. ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகளிலும் இவ்வொற்றுமை தோன்றுவதற்கு, வலக்கையே பெரும்பான்மையோரின் செயற்கையாக இருப்பது காரணமாகலாம்.

சொல்லும் இடக்கையரும்

மனிதரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். வலத்தை உயர்வாகவும் இடத்தைத் தாழ்வாகவும் கருதும் எண்ணம் சொற்களோடு நின்றுவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டிலும் பல நாடுகளின் பள்ளிகளில் இடக்கைக் குழந்தைகள் வலக்கையால் எழுதக் கட்டாயப்படுத்தப்பட்டனர். இடக்கைப் பழக்கம் குறைபாடு அன்று என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. ஓவியர் லியொனார்டோ டா வின்சி இடக்கையால் வரைந்தவர்.

இக்காலத்தில் டெக்ஸ்டெரிட்டி எந்தக் கையின் திறனையும் குறிக்கும். 1948இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜோசப் டிஃபின் உருவாக்கிய முளைப்பலகைச் சோதனை, சிறு முளைகளைத் துளைகளில் செருகச் செய்து கைத்திறனை அளக்கிறது. அதில் வலக்கை, இடக்கை, இரு கைகள் ஆகியவற்றின் திறன் தனித்தனியே கணிக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* இடக்கைப் பழக்கம்
* சொற்பிறப்பியல்