அலை இழுத்த படகு



கப்பலுக்கு அலை எதிரி என்றுதான் நாமெல்லாம் படித்தோம். அலையில் முன்பகுதி தூக்கும், குத்தும், வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். அந்த எதிரியையே வேலை வாங்கியவர்களின் கதையை இம்மலரில் சொல்ல விரும்புகிறேன்.

நேப்பிள்ஸ் நகரக் கடல்வாழ் உயிரின ஆய்வு நிலையத்தில் இருந்த ஹெர்மன் லிண்டன் என்பவர் 1895-ல் பிரிட்டனில் ஒரு காப்புரிமை பெற்றார். 13 அடிப் படகு. நீருக்கடியில் முன்னும் பின்னும் வளையக்கூடிய எஃகுத் தகடுகள். அலையில் படகு ஏறி இறங்கும்போது தகடு மீன்வால் போல வளைந்து தண்ணீரைப் பின்னால் தள்ளும். 'ஆட்டோநாட்' என்ற அந்தப் படகு, அலையை எதிர்த்தே மணிக்கு 3 முதல் 4 மைல் போனதாம்!

இது எப்படி என்று கேட்கலாம். அடித்து ஆடும் இறக்கைக்கு முன்னோக்கிய உந்துவிசை உண்டு என்பதை 1909-ல் நோலர், 1912-ல் பெட்ஸ் இருவரும் தனித்தனியே விளக்கினார்கள். 1922-ல் வியன்னாவில் காட்ஸ்மையர் இறக்கையை அசையாமல் வைத்து, காற்றோட்டத்தை மேலும் கீழும் ஆட்டினார். அப்போதும் உந்துவிசை கிடைத்தது. ஆக, இறக்கை ஆடினாலும் சரி, அதைச் சுற்றியுள்ள ஓட்டம் ஆடினாலும் சரி.

அப்புறம் ஏன் இது பரவவில்லை? எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. கடல் அமைதியானால் தகடு வெறும் சுமை; புயலில் அதன் மூட்டு தாங்க வேண்டும். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் நார்வேயில் யாகோப்சன் மறுபடி சோதனையில் இறங்கினார்.

2008-ல் ஜப்பானின் கெனிச்சி ஹொரியே, 69 வயதில், தன்னந்தனியாக ஹொனலுலுவிலிருந்து ஜப்பானுக்கு அலை விசையிலேயே போய்ச் சேர்ந்தார். தகடுகளை வடிவமைத்தவர் டோக்கை பல்கலைக்கழகத்தின் யுடாக்கா டெராவோ. சுமார் 7,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 110 நாள். கணக்குப் போட்டால் மணிக்கு 3 கிலோமீட்டர்கூட வராது! நாம் நடப்பதே அதைவிட வேகம்.

எனவே சரக்குக் கப்பலை அலை மட்டுமே இழுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எஞ்சினுக்குக் கைகொடுக்கும் என்கிறேன். 2019-ல் ஃபாரோ தீவுகளின் 'டைஸ்டின்' பயணிகள் கப்பலில் முன்பகுதித் தகடுகளைப் பொருத்தினார்கள். கடல் கொந்தளித்தால் வெளியே நீட்டலாம். அமைதியானால் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். உந்துதலும் உண்டு, பயணிகளுக்கு ஆட்டமும் குறையும். லிண்டன் காலத்துச் சுமைப் பிரச்சினைக்கு நல்ல விடைதானே இது!

2050-ஐ ஒட்டிக் கப்பல்களின் புகையை நிகரப் பூஜ்யமாக்குவது என்று 2023-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இலக்கு வைத்தது. ஒவ்வொரு டன் எண்ணெயும் இனி கணக்கில் வரும். மூட்டு தேயாமல் இருப்பது எப்படி, எந்த அலைக்கு எந்தக் கோணம் என்பதெல்லாம் இன்னும் வேலை கேட்கும் விஷயங்கள். ப்ராஜெக்டுக்குத் தலைப்புக் கிடைக்கலையே என்று அலைகிற தம்பி தங்கைகளே, ஒரு தொட்டி, ஒரு தகடு, ஒரு சுருள்வில் போதும். ஆரம்பித்துப் பாருங்கள்.