நிலக்கரி இருந்தும் பீகார் ஏன் பின்தங்கியது?

ஒரே நாட்டில் சில பகுதிகள் மட்டும் வேகமாக முன்னேறுவது ஏன்? கனிம வளம் இருக்கும் இடத்தில் தொழில் வளரும் என்று பள்ளிப் பாடப்புத்தகம் சொல்லும். அது உண்மையானால் பழைய பீகார் இந்தியாவின் பணக்கார மாநிலமாக இருந்திருக்க வேண்டும்!

2000 நவம்பரில் ஜார்கண்ட் தனி மாநிலமாகப் பிரியும் வரை ஜாரியா நிலக்கரியும் சிங்பூம் இரும்புத் தாதும் பீகாரில்தான் இருந்தன. ஜாம்ஷெட்ஜி டாடா கனவு கண்ட எஃகு ஆலை, சாக்சி என்ற சிறு கிராமத்தில் எழுந்ததற்கும் இதுதான் காரணம். தாது, நிலக்கரி, ஆற்று நீர் எல்லாமே கிட்டத்தில். 1912ல் அங்கே எஃகு உற்பத்தி தொடங்கியது. அந்தக் கிராமம்தான் இன்றைய ஜாம்ஷெட்பூர்.

எஃகு ஆலைக்குப் பக்கத்தில் எஃகு மலிவாகக் கிடைக்கும். அதனால் மோட்டார், பம்பு, இயந்திர பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளும் அங்கேயே பெருக வேண்டும். அப்படிப் பெருகாமல் போனதற்கு 1956ல் எஃகுக்கு வந்த 'சரக்குக் கட்டணச் சமநிலைக் கொள்கை' ஒரு முக்கிய காரணம்.

அது என்ன கொள்கை? ஒரு பேச்சுக்கு, ஒரு டன் எஃகுக்கு ரயில் கட்டணம் பக்கத்து ஊருக்கு 10 ரூபாய், தூரத்து ஊருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊரும் ஒரே அளவு வாங்கினால் சராசரி 50 ரூபாய். இனி இருவருமே 50 ரூபாய்தான் தர வேண்டும். அதாவது, பக்கத்து ஊர்க்காரர் தூரத்து ஊர்க்காரரின் ரயில் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டுகிறார்!

நோக்கம் நல்லதுதான். நாடு முழுவதும் தொழில் பரவ வேண்டும் என்று அரசு நினைத்தது. ஆனால் மேற்கு இந்தியாவின் பருத்திக்கு இந்தச் சலுகை இல்லை. பருத்தி வேண்டுமென்றால் பீகார் முழு ரயில் கட்டணமும் கொடுத்தாக வேண்டும். தன்னிடம் இருந்ததை எல்லோருக்கும் ஒரே விலையில் கொடுத்தது, தன்னிடம் இல்லாததைத் தூரத்து விலையில் வாங்கியது.

விலை ஒன்றே என்றால் தொழிலதிபர் எங்கே போவார்? துறைமுகமும் சந்தையும் உள்ள இடத்துக்குத்தான். பீகாருக்குக் கடல் கிடையாது. மேற்கிலும் தெற்கிலும் பொறியியல் தொழில் வளர்ந்தது. தமிழ்நாடும் இதில் பயன்பெற்ற மாநிலம்தான். கோவையின் பம்பு செட் தொழிலுக்கு 1932ல் வந்த பைக்காரா மின்சாரமும் உள்ளூர்க்காரர்களின் உழைப்பும் அடித்தளம் என்பது உண்மை. ஆனால் வடக்கே உருகிய இரும்பு தூரத்துச் செலவு இல்லாமல் வந்து சேர்ந்ததும் உண்மை.

பழி முழுவதையும் இந்த ஒரு கொள்கை மீது போட முடியாது. 1793ல் ஆங்கிலேயர் கொண்டு வந்த ஜமீன்தாரி நிலவரி முறை, பீகார் விவசாயியை முன்பே நசுக்கியிருந்தது. பின்னர் வந்த மாநில அரசுகளின் நிர்வாகக் கோளாறுகளும் உண்டு.

எஃகுக்கான சமநிலைக் கட்டணம் 1990களின் தொடக்கத்தில் விலக்கப்பட்டது. ஆனால் ஏறக்குறைய 35 வருடங்களில் தொழில்கள் வேறு ஊர்களில் வேரூன்றிவிட்டன. விதியை ஒரு நாளில் மாற்றலாம், வளர்ந்த தொழிற்சாலையைப் பிடுங்கி நட முடியுமா?

திருப்பூரிலும் சென்னையிலும் வேலை செய்யும் பீகார் இளைஞர்களைப் பார்த்து, "உங்கள் ஊரில் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தது. அதன் பயன் பெரும்பாலும் வேறு ஊர்களுக்குப் போனது.