கண் தசைச்சோர்வு நோய்: கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டங்கள்

மயஸ்தீனியா கிராவிஸ் எனப்படும் தசைச்சோர்வு நோய் கண்ணளவில் நிற்கும் வடிவமே கண் தசைச்சோர்வு நோய். நரம்பின் முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலினைத் தசையிலுள்ள ஏற்பிகள் பெற்றுக்கொண்டால்தான் தசை சுருங்கும். இந்நோயில் உடல் தானே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அந்த ஏற்பிகளைக் கெடுக்கின்றன. அதனால் முதல் சில அசைவுகள் சரியாக நடந்து, போகப்போகத் தசை ஓய்ந்துவிடும். சற்று இளைப்பாறினால் மீளும். இமை சாய்வதும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதும் முதன்மைக் குறிகள். விழித்திரையும் பாவையும் பழுதின்றி இருக்கும். ஆகவே கண்ணாடியின் பவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டைத் தோற்றம் மறைந்துவிடும் என்பது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளத்தக்க அடையாளம். மலேசியாவின் சிலாங்கூர்த் தோட்டத் தமிழர் வழக்கில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. ‘கண்ணு சொக்குது’, ‘ரெண்டு ரெண்டாத் தெரியுது’ என்பார்கள், பலர் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று முடித்துவிடுவார்கள்.

வரலாறு

நோயை முதலில் எழுதிவைத்தவர் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் (1672). சிறிது நேரம் நன்றாகப் பேசிவிட்டுப் பிறகு நா எழாமல் போகும் ஒரு பெண்ணைப் பற்றியது அவர் குறிப்பு. இரு நூற்றாண்டுகள் கழித்து ஜெர்மனியில் எர்ப் (1879), வார்சாவில் கோல்ட்ஃபிளாம் (1893) ஆகியோர் விரித்து எழுதினர். 1895இல் பெர்லினின் ஃபிரீட்ரிக் யோலி இன்றைய பெயரைச் சூட்டினார்.

சிகிச்சையின் கதை 1934இல் லண்டன் கிரீனிச்சிலுள்ள செயின்ட் ஆல்ஃபேஜ் மருத்துவமனையில் தொடங்குகிறது. மேரி வாக்கர் என்னும் மருத்துவர், நோயாளியின் நிலை குராரி என்ற அம்பு நஞ்சு ஏறியவரின் நிலையைப் போல இருப்பதைக் கவனித்தார். அந்த நஞ்சுக்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மினை ஊசியாகப் போட, சாய்ந்திருந்த இமை சிறிது நேரத்தில் எழுந்தது. மறு ஆண்டு நியோஸ்டிக்மின் வந்தது. இன்றைய பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த வழியில் வந்ததே. நோயின் காரணம் பிடிபட உதவியது ஒரு பாம்பு. தைவானில் கட்டுவிரியன் இனமொன்றின் நஞ்சிலிருந்து 1963இல் பிரித்தெடுத்த பங்காரோடாக்சின், தசையின் ஏற்பியைப் பற்றிக்கொண்டு விடாது. அதைக் கொண்டே ஏற்பிகள் குறைந்திருப்பதை 1973இல் எண்ணிக் காட்டினர். கட்டுவிரியன் கடித்தவருக்கும் முதலில் சாய்வது இமைதான். மலாயாவிலும் கட்டுவிரியன்கள் உண்டு. ஆகவே திடீரென இமை விழுந்தவரிடம் பாம்புக்கடி பற்றி முதலில் விசாரிப்பது தோட்டங்களில் இன்றும் பொருத்தமானதே.

சிலாங்கூர்த் தோட்டங்களில் இந்நோயோடு குறுக்கிடுவது மலேரியா மருந்து; அத்தோட்டங்களின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் மலேரியாவின் வரலாறு. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், கடலோரச் சமவெளியில் வடிகால் வெட்டியும் காடு திருத்தியும் காய்ச்சலைக் குறைத்தார். மேட்டுநிலத் தோட்டங்களிலோ காடு திருத்தியபின் வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு கொசு பெருகிக் காய்ச்சலை நீடிக்கச் செய்தது. 1911இல் வெளிவந்த அவர் நூல் இதை விரிவாகக் கூறும். களும்பாங், கெர்லிங் போன்ற மலையடிவாரத் தோட்டங்கள் இந்த இரண்டாம் வகை. விடியலில் பெரட்டில் (வேலைக்குமுன் ஆள்கணக்கு எடுக்கும் வரிசையில்) நிறுத்தி ஆளுக்கு ஆள் கொய்னா (குயினின்) கொடுக்கும் வழக்கம் அக்காலத்தது. கொய்னா நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் தூண்டலைத் தளர்த்தும்; தசைச்சோர்வு நோயாளிக்கு அது ஆகாது. காய்ச்சலுக்கு மருந்து, இமைக்கு நஞ்சு. குளோரோகுயினும் அத்தகையதே. கொய்னா மிகுந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை மங்குவது வேறு கேடு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வேலையும் கண்ணும்

பால்மரம் வெட்டுபவர் இருள் பிரியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் வெட்டை முடித்துவிடுவார். இந்நோயில் காலையில் கண் தெளிவாக இருந்து மாலையில் தளர்வதால், ரப்பர் வேலை ஓரளவுக்கு நோயோடு ஒத்துப்போகும். ஆயினும் பட்டையைச் சீவும்போது கோடு இரண்டாகத் தெரிந்தால் கத்தி ஆழப்பட்டு மரத்தில் காயம் விழும். பிறகு கங்காணியின் ஏச்சு.

செம்பனை அப்படியல்ல. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் பயிரிடப்பட்டது. அதைத் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோனியே; பின்னாளில் ‘மலேசீ’ என்ற நாவலுக்காக 1930இல் கொன்கூர் பரிசு பெற்றவர். தோட்டத்தின் பெயர் தமிழே. தென்னை மரம் என்பதன் திரிபு. மரம் உயர்ந்தபின், நீண்ட கம்பின் நுனியில் பூட்டிய அரிவாளால் குலையை அறுக்க, வெட்டுபவர் நாள் முழுதும் அண்ணாந்தே நிற்க வேண்டும். இந்நோயைக் கண்டறிய மருத்துவர் செய்யும் எளிய சோதனையும் அதுவே: ஓரிரு நிமிடம் இமைக்காமல் மேலே பார்க்கச் சொன்னால் இமை மெல்ல இறங்கும். எனவே கிளினிக்கில் தெரியுமுன் குலை வெட்டில் தெரிந்துவிடலாம். வெப்பமும் நோயைக் கூட்டும். மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டி வைத்தெடுத்தால் இமை உயர்வது மற்றொரு சோதனை. துணியில் சுற்றிய ஐஸ் போதும்.

நீரிழிவு மிகுந்த மலேசியத் தமிழரிடையே இமை சாய்வும் இரட்டைப் பார்வையும் ‘சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு’ என்று தள்ளப்படுவது எளிது. காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு இருந்தால் அது சர்க்கரையால் வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. பாவை விரிந்து ஒரு கண் மட்டும் திடீரெனச் சாய்ந்து தலைவலியும் இருந்தால் மூளை இரத்தக் குழாய் வீக்கமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அன்றாட உதவிகள் எளியவை. ஒரு கண்ணை மறைத்துக்கொண்டால் இரட்டைப் பார்வை தீரும், ஆனால் ஆழம் மட்டுப்படாது. மோட்டார் சைக்கிளில் செம்மண் சாலையில் போகிறவருக்கு அது சிறு இழப்பன்று. சாய்ந்த இமையைத் தாங்கக் கண்ணாடிச் சட்டத்தில் கம்பி பொருத்துவதும் உண்டு. கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸ் இமையை நாடாவால் ஒட்டிக்கொண்டார். நடிகர் அமிதாப் பச்சனும் 1980களில் இந்நோய்க்கு ஆளானவர். பைரிடோஸ்டிக்மின் மாத்திரையின் வேலை சில மணி நேரமே. இமைக்கு உதவுமளவு இரட்டைப் பார்வைக்கு உதவாது. அது போதாதபோது சிறு அளவு பிரெட்னிசோலோன் கொடுப்பார்கள், சர்க்கரையைக் கண்காணித்தபடி. கண்ணோடு தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கோ அதற்கு மேலோ, பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள், விழுங்குவதும் பேசுவதும் கைகால்களும் தளரும். மூச்சு திணறினால் அவசரம். கண்ணோடு நிற்பவர்களில் பாதிப்பேருக்கே இரத்தச் சோதனையில் எதிர்ப்புப் புரதம் காணும் என்பதால், அது இல்லை என்ற முடிவு நோயை மறுக்காது. தைமஸ் சுரப்பியில் கட்டி உண்டா என மார்பு ஸ்கேன் எடுப்பார்கள். பூச்சிமருந்து தெளிப்பவர் பைரிடோஸ்டிக்மின் உட்கொண்டால், பூச்சிமருந்திலுள்ள ஆர்கனோபாஸ்பேட் நஞ்சும் அம்மாத்திரை தடுக்கும் நொதியையே தடுப்பதால், வேலையை மாற்றிக்கொள்வதே முறை.

இன்றைய நிலை

தோட்டத்து டிரசரின் (மருத்துவ உதவியாளரின்) இடத்தை அரசு கிளினிக்குகளும் தஞ்சோங் காராங் மருத்துவமனையும் பிடித்துள்ளன. நிபுணருக்குச் சுங்கை பூலோ, செலாயாங் அல்லது கோலாலம்பூர் செல்ல வேண்டும். தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) இருந்த தமிழர் பெரும்பாலும் பெஸ்தாரி ஜெயா போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். குலை வெட்டுபவர்கள் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும்.