தமிழகமே வளர்ந்தப்போ நீலகிரி மட்டும் சுருங்கியது ஏன்? மலை மாவட்டத்தின் மக்கள் கணக்கு!

கோடை வந்தால் ஊட்டிக்கு இ-பாஸ் இல்லாமல் போக முடியாது. 2025 சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்பாடே போட்டது. இவ்வளவு கூட்டம் போகும் மாவட்டத்தில், குடியிருப்பவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்றால் நம்புவீங்களா?

2001-ல் நீலகிரியின் மக்கள் தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. அந்தப் பத்து வருஷத்தில் தமிழ்நாடு 15.6 சதவீதம் வளர்ந்தது, சென்னையை ஒட்டிய திருவள்ளூர் 35 சதவீதத்தைத் தொட்டது. மாநிலத்திலேயே மக்கள் தொகை குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரிதான்.

எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடம் இது. கேரளா, கர்நாடகா, கோவை, ஈரோடு நாலு பக்கமும். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். மேற்கே கூடலூர், பந்தலூர் அதைவிடத் தாழ்வு. அங்கே மலையாளம் சகஜம். மாவட்டத்தில் பாதிக்கு மேல் காடு. மிச்ச நிலத்தில்தான் தேயிலை, காய்கறி, வீடு எல்லாமே. மலைக் கிராமம்னு நாம நினைச்சாலும், கணக்குப்படி 59 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகள். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள் பலவும் பேரூராட்சிகளுக்குள் வருவதால் வந்த வினோதம் இது.

சரி, ஏன் குறைந்தது?

முக்கியமாகச் சொல்லப்படுவது தேயிலை. சோவியத் யூனியன் உடைந்ததில் பெரிய சந்தை ஆட்டம் கண்டது. 90-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து சிறு விவசாயிகள் நொடிந்தார்கள். ஊட்டியின் பெரிய ஆலையான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் படுத்தது. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள். பிறப்பு விகிதமும் குறைவு. 1,000 ஆண்களுக்கு 1,042 பெண்கள், மாநிலத்திலேயே அதிகம். ஆண்கள் வெளியே போவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

யார் வாழ்கிறார்கள்?

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள். சேர்த்துப் பார்த்தாலும் 5 சதவீதத்துக்குக் கீழ்தான். பெரிய சமூகமான படுகர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை, சேர்க்கச் சொல்லி நீண்ட காலமாகக் கேட்கிறார்கள். அப்புறம் தாயகம் திரும்பியவர்கள். வடசென்னை சடையங்குப்பத்தில் ஒரு பர்மா நகர் இருக்கிற மாதிரி, இங்கே இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீ 1968-ல் தொடங்கியது. கூடலூர் பக்கம் 'செக்ஷன் 17' நிலத்தில் தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா கிடைக்காத குடும்பங்கள் ஏராளம். 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டம் போட்ட முடிச்சு அது.

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம்?

ஆள் குறைந்தால் குரலும் குறையும். மாவட்டத்துக்கு இருப்பது உதகை, குன்னூர், கூடலூர் என மூன்றே சட்டமன்றத் தொகுதி. நீலகிரி மக்களவைத் தொகுதியில் மீதி மூன்றும், அதாவது மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர், மலைக்குக் கீழே வேற மாவட்டங்களில் இருக்கின்றன. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள். அதுவரை நீலகிரிக்கு அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 2011-ன் அந்த 7,35,394-தான்.