வீட்டுக்குள் ஒரு பெயர்ப் பதிவேடு

வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒருகாலத்தில் ஒரே கோப்பில் அடங்கிவிட்டன. அந்த வலையை அப்போது அர்பாநெட் என்பார்கள். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தின் தகவல் மையம் அந்தக் கோப்பை வைத்திருந்தது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி: ஓர் எண், பக்கத்தில் ஒரு பெயர். எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்ப்பவர்கள் அந்த அலுவலகத்துக்குச் சொல்லி எழுதவைக்க வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது கோப்பை இறக்கிக்கொள்வார்கள். நம்மூர் பத்திரப்பதிவு ஆபீஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணினிகள் பெருகியதும் இந்த ஏற்பாடு தாங்கவில்லை. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் ஜான் போஸ்டலோடு வேலை பார்த்த பால் மோக்காபெட்ரிஸ், பதிவேட்டைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையை வடிவமைத்தார். 1983 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 882, 883 என்ற இரண்டு ஆவணங்களாக அது வெளியானது. அதுதான் டி.என்.எஸ். இன்று போனில் ஒரு தளத்தைத் திறந்தால், போன் முதலில் செய்வது ஒரு டி.என்.எஸ். சர்வரிடம் “இந்தப் பெயருக்கு என்ன எண்?” என்று கேட்பது. எண் கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கேட்கப்படுகிறவர் வேண்டுமென்றே தவறான பதில் சொன்னால் என்ன ஆகும்? விளம்பரத் தடுப்பின் கதை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் ஏ.டி.அண்ட்.டி. நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தது. வலைத்தள விளம்பரத்தின் வரலாற்றை வழக்கமாக அங்கிருந்துதான் சொல்வார்கள். இரண்டே ஆண்டுகளில் டபுள்கிளிக் போன்ற நிறுவனங்கள் கிளம்பிவிட்டன. செய்தி ஒரு சர்வரிலிருந்து வரும், விளம்பரம் அவர்களுடைய சர்வரிலிருந்து வரும். ஆயிரம் தளங்களுக்கு ஒரே சர்வர் விளம்பரம் கொடுத்தால், ஒரே ஆள் ஆயிரம் தளங்களிலும் என்ன படிக்கிறார் என்று அதற்குத் தெரிந்துவிடும். இந்த அறிவுக்குத்தான் விலை. 2007-இல் டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்க கூகுள் ஒப்பந்தம் போட்டது.

ஆனால் தனி சர்வர் என்றால் தனிப் பெயர். அங்கேதான் ஓட்டை. பழைய ஹோஸ்ட்ஸ் கோப்பு செத்துப்போகவில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரு மூலையில் இன்னும் இருக்கிறது. டி.என்.எஸ்.ஸைக் கேட்பதற்கு முன் கணினி அதைத்தான் பார்க்கும். விவரம் தெரிந்தவர்கள் விளம்பர சர்வர்களின் பெயர்களை அதில் எழுதி, எதிரே 127.0.0.1 என்று போட்டார்கள். அது தன் சொந்த எண். கணினி தன்னிடமே போய் விளம்பரம் கேட்டு வெறுங்கையோடு திரும்பும். இப்படிப்பட்ட பட்டியல்கள் கைமாறி வளர்ந்தன.

போனும் டிவியும் வந்தபின் இந்த வழி அடைபட்டது. டிவிக்குள் போய் எந்தக் கோப்பைத் திருத்துவது? எல்லாக் கருவிகளும் கடந்துபோகிற ஒரே இடம் ரவுட்டர். அதற்கான கதவும் ஏற்கெனவே திறந்திருந்தது. 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். ஜி.பி.எல். உரிமத்தின்படி மூலநிரலைத் தரச்சொல்லி வற்புறுத்த, 2003-இல் நிறுவனம் வெளியிட்டது. 2004-இல் அதிலிருந்து ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. பிறந்தது. பிறகு ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினிக்காக ஜேக்கப் சால்மெலா பை-ஹோலை உருவாக்கினார். 2018-இல் ஆட்கார்டு ஹோம் வந்தது. கோ மொழியில் எழுதியது. ஒரே ஒரு நிரல்கோப்பு, ரவுட்டருக்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

இதே பத்தாண்டுகளில் நம் பக்கமும் பாடங்கள் நடந்தன. 2012-இல் ‘3’ படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்க, பெயர் தெரியாத எதிராளிகள்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கினார்கள். மே மாதம் இணைய சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே முழுசாக மூடின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. பெயரை வைத்துத் தடுத்தால் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. போனால் தளம் மொத்தமும் போகும்.

2015-இல் பெங்களூர்க்காரர் தேஜேஷ் ஜி.என். தன் ஏர்டெல் 3ஜி இணைப்பில், தான் பார்க்கும் பக்கங்களுக்குள் வழியிலேயே ஏதோ ஒரு நிரல் செருகப்படுவதைக் கண்டு, அதைப் பொதுவில் வைத்தார். வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார் என்று காட்டத்தான் அந்த ஏற்பாடு என்றது நிறுவனம். நிரலுக்குச் சொந்தக்காரரான இஸ்ரேலிய நிறுவனம் தேஜேஷுக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நடுவில் நிற்கிறவர் என்னென்ன செய்யலாம் என்று அப்போது பலருக்குப் புரிந்தது.

இந்த வரலாறெல்லாம் தெரிந்துகொண்டுதான் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் ஆட்கார்டு ஹோமைச் சோதித்தேன். எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்கு நெட் கொடுப்பவர் கேபிள்காரர்தான். அவர் மாட்டிய பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு அவரிடம். பூட்டுக்குப் பேர்போன ஊரில், சாவி யாரிடம் என்று கேட்காமல் இருக்க முடியுமா? அந்தப் பெட்டிக்குப் பின்னால் என் ரவுட்டரை வைத்து, வீட்டுக் கருவிகளையெல்லாம் அதற்கு மாற்றினேன்.

முதல் பாடம் நினைவகம். தடுப்புப் பட்டியல்களில் லட்சக்கணக்கான பெயர்கள், 64 எம்.பி. ரேம் உள்ள பழைய ரவுட்டர் மூச்சு திணறிவிடும். இரண்டாவது, கரண்ட் கட். மலிவு ரவுட்டர்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் பழைய தேதியோடு எழுந்திருக்கும். மறையாக்கம் செய்த டி.என்.எஸ்.ஸுக்குச் சான்றிதழ் சரிபார்க்கச் சரியான நேரம் வேண்டும், நேரத்தைக் கேட்க, நேர சர்வரின் பெயருக்கு எண் வேண்டும், எண்ணுக்கு டி.என்.எஸ். வேண்டும். முட்டையா கோழியா கதைதான். நேர சர்வரைப் பெயருக்குப் பதில் எண்ணாகவே எழுதிவைத்தால் சரியாகிவிடும்.

பலன் உடனே தெரிந்தது. “என்னப்பா, இப்பல்லாம் நியூஸ் படிக்கையில நடுவுல ஒண்ணும் வந்து குதிக்க மாட்டேங்குது?” என்றார் அம்மா. யூட்யூப் விளம்பரம் மட்டும் போகவில்லை, போகவும் போகாது. அங்கே படமும் விளம்பரமும் ஒரே குடும்பப் பெயர்களிலிருந்து வருகின்றன. பெயரைத் தடுத்தால் படமும் நின்றுவிடும். சில செயலிகள் வீட்டு சர்வரைக் கேட்பதே இல்லை. 2018 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 8484 வந்ததிலிருந்து, டி.என்.எஸ். கேள்வியைச் சாதாரண வலைப் போக்குவரத்துக்குள் மறைத்து வேறிடத்தில் கேட்க முடிகிறது. சேவை நிறுவனத்தின் கண்ணிலிருந்து நம்மைக் காக்க வந்த அதே உத்தி, வீட்டுக்காரர் கண்ணிலிருந்து விளம்பரத்தையும் காக்கிறது. விளம்பரக் காசில் ஓடும் சின்னத் தமிழ்த் தளங்களை நினைத்து, நான் வழக்கமாகப் படிக்கும் சிலவற்றுக்கு விலக்கு கொடுத்தேன்.

என்னை நிறுத்தியது இதெல்லாம் அல்ல. ஆட்கார்டு ஹோமில் கேள்விப் பதிவு என்று ஒரு பக்கம் உண்டு. எந்தக் கருவி, எந்தப் பெயரை, எத்தனை மணிக்குக் கேட்டது என்று வரிசையாகக் காட்டும். விளம்பர சர்வர்களைத் தேடித்தான் அதைத் திறந்தேன். அப்பாவின் போன் இரவு இரண்டு மணிக்கு ஓர் இதய ஆஸ்பத்திரியின் தளத்தைக் கேட்டிருந்தது. மறுநாள் இரவும் அப்படியே. எந்தப் பக்கம் படித்தார் என்று டி.என்.எஸ். சொல்லாது, பெயரும் நேரமும் போதும். வீட்டில் யாரிடமும் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

டபுள்கிளிக்குக்கு 310 கோடி டாலர் ஏன் கொடுத்தார்கள் என்று அன்றைக்கு எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. விளம்பரக்காரனின் பார்வையிலிருந்து வீட்டைக் காக்க நான் வைத்த பெட்டி, அதே பார்வையை எனக்குக் கொடுத்திருந்தது. நான் நல்லவன், என் நோக்கம் நல்லது என்பது இதில் பெரிய பாதுகாப்பு இல்லை. நீதிமன்றத்துக்கும் நோக்கம் இருந்தது, 3ஜி நிறுவனத்துக்கும் ஒரு விளக்கம் இருந்தது. பதிவேட்டை வைத்திருப்பவருக்கு இரண்டு அதிகாரம் சேர்ந்தே வருகின்றன: மறைக்கலாம், பார்க்கலாம். முதலாவதற்காக வைத்தாலும் இரண்டாவது கூடவே வந்துவிடும். நான் வைத்திருக்காவிட்டால் கேபிள்காரரோ, எங்கோ இருக்கும் நிறுவனமோ வைத்திருக்கும். என் சர்வரும் தனக்குத் தெரியாத பெயரை வெளியே ஒருவரிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். யாரும் வைத்திருக்காத பதிவேடு என்று ஒன்று இல்லை.

அதனால் தடுப்பை அப்படியே விட்டுவிட்டு, கேள்விப் பதிவை அணைத்தேன். சேர்ந்திருந்ததை அழித்தேன். எழுத்து குறைந்தால் ரவுட்டரின் ஃபிளாஷ் நினைவகத்துக்கும் ஆயுள் கூடும். இந்தப் பெட்டி என்ன செய்கிறது, என்னவெல்லாம் செய்ய முடியும் என்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அப்பா மட்டும், “எல்லாம் தெரியுமா அதுல?” என்று கேட்டார். “தெரியும்ப்பா, இப்ப அணைச்சாச்சு” என்றேன். கொஞ்ச நேரம் ரவுட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, மதுரைக்கு ஒரு டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும், கூட வருகிறாயா என்று அவராகவே கேட்டார்.