ஒரே ஞானஸ்நானம், பல சபைகள்



"அவர்களும் கிறிஸ்தவர்கள், நாமும் கிறிஸ்தவர்கள், பிறகு என்ன வித்தியாசம், சாமி?" கலப்புத் திருமணத்திற்கு ஓலை எழுத வரும் நம் சிட்லபாக்கம் குடும்பத்தார் கேட்கும் கேள்வி இது.

திருச்சபையில் பெரும் பிளவுகள் மூன்று. 451-ஆம் ஆண்டு கல்செதோன் பொதுச்சங்கத்தை ஏற்காத கீழைச் சபைகள் சில பிரிந்தன. 1054-இல் உரோமையும் கொன்ஸ்தாந்திநோபிளும் பிரிந்தன. இந்த ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஏழு தேவதிரவிய அனுமானங்களும், குருத்துவமும், மாதா பக்தியும் உண்டு. பாப்பரசரின் தலைமை அதிகாரத்தை ஏற்பதில்லை. 1517-இல் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தில் பிறந்த சபைகளோ பெரும்பாலும் ஞானஸ்நானம், திருவிருந்து என்னும் இரண்டையே ஏற்கின்றன. அவர்களுடைய வேதாகமத்தில் 66 நூல்கள், நம்முடையதில் 73.

அந்தச் சச்சரவு தமிழகத்திற்கும் கப்பலேறி வந்தது. 1706-இல் தரங்கம்பாடி வந்த லூத்தரன் குரு சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அச்சபையாரை மறுத்து நம் வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார். இருவருமே தமிழுக்கு உழைத்தவர்கள். ஆயினும் எதிரெதிர் அணியில் நின்றார்கள்.

1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டை வெளியிட்டது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தது. தமிழில் மூண்ட வாதத்திற்குத் தமிழிலேயே மருந்து கிடைத்தது.

ஆயினும் ஒரே வீட்டில் ஒரே விவிலியம் வாசிக்கும் கணவனும் மனைவியும் ஞாயிறன்று வெவ்வேறு பீடங்களுக்குச் செல்கின்றனர். அந்த வேதனையை மறவாமல், ஒன்றிப்புக்காகத் தினமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமாவது சொல்வோமாக.