சாவி கொடுக்கும் அலமாரி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறினால் வழியில் கரியாலூர்; அதற்கும் மேலே வெள்ளிமலை. சாலையும் பஸ்ஸும் வராத காலத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் இந்த ஏற்றத்தைக் கால்நடையாகவே கடந்தார்கள். சாமையும் தேனும் கடுக்காயும் தலைச்சுமையாகக் கீழே இறங்கின. உப்பும் துணியும் மேலே ஏறின.

அந்த நடையைக் கொண்டே ஓடக்கூடிய ஒரு கருவி 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இருந்தது. சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் என்ற ஊரில் அபிரகாம் லூயி பெர்லே செய்த சட்டைப்பைக் கடிகாரம் அது. உள்ளே ஒரு எடைத்துண்டு. பையில் போட்டுக்கொண்டு நடக்கும்போது அது ஆடி, ஸ்பிரிங்கைத் தானாகவே முறுக்கும். 15 நிமிடம் நடந்தால் எட்டு நாள் ஓடும் என்று 1777இல் ஜெனீவாவின் கலைச் சங்கத்துக்கு வந்த அறிக்கை சொன்னது. இந்தக் கணக்கில் பார்த்தால், கரியாலூரிலிருந்து வெள்ளிமலைக்கு ஒருமுறை ஏறியவரின் கடிகாரத்துக்கு ஒரு வாரத்துக்குச் சாவியே வேண்டாம்.

இன்று நிலைமை தலைகீழ். கை அசைவில் தானாக முறுகும் ஆட்டோமேட்டிக் வாட்சுகள் ஒருவரிடமே பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. கட்டிக்கொள்ளக் கை ஒன்றுதான். மிச்ச வாட்சுகள் பெட்டியில் கிடந்து இரண்டு நாளில் நின்றுபோகின்றன. அவை நிற்காமல் இருக்க, மோட்டார் வைத்து வாட்சுகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் வைண்டர் அலமாரி சந்தைக்கு வந்திருக்கிறது. விலை சில ஆயிரத்தில் தொடங்கிப் பல லட்சம் வரை போகிறது. மனிதக் கையின் வேலையைக் குறைக்க வந்த வாட்சுக்கு வேலை செய்ய இன்னொரு இயந்திரம். இது அவசியமா என்று தீர்மானிக்க, சாவி கொடுக்கும் பழக்கம் இங்கே வந்த கதையையும் போன கதையையும் பார்க்க வேண்டும்.

தமிழகத்தில் நேரம் முதலில் தண்ணீரால் அளக்கப்பட்டது. நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொன்னவர்களை முல்லைப்பாட்டே காட்டுகிறது. சாவி கொடுத்து ஓடும் கடிகாரம் வெள்ளைக்காரர்களோடு வந்தது. 1792இல் மதராஸில் வானாய்வகம் அமைந்தது. அங்கே கணிக்கப்பட்ட மதராஸ் நேரத்தைத்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் பின்பற்றின. 1906இல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது மதராஸ் கடிகாரங்கள் சுமார் 9 நிமிடம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன.

நகரத்தில் கடிகாரத்துக்குப் பெயர்போன கடை பி.ஆர் அண்ட் சன்ஸ். பீட்டர் ஆர் 1849இல் தொடங்கிய நிறுவனம். மவுண்ட் ரோட்டில் எழுந்த அதன் கட்டடத்தின் கோபுரக் கடிகாரத்துக்கு வானாய்வகத்திலிருந்தே சரியான நேரம் வந்தது. வசதியான வீடுகளின் கூடத்தில் எட்டு நாள் ஓடும் சுவர்க் கடிகாரம் தொங்கியது. வாரத்தில் ஒரு கிழமை குறித்து வைத்து, வீட்டுப் பெரியவர் ஸ்டூல் போட்டு ஏறிச் சாவி கொடுப்பார். குழந்தைகள் தொடக்கூடாது. கைக்கடிகாரம் வந்தபின் அந்த வேலை தினசரி ஆனது: காலையில் குளித்துவிட்டு வந்ததும் திருகைப் பிடித்து, இறுகும்வரை முறுக்குவது.

இந்தத் தினசரி வேலையை ஒழித்தவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர். பெர்லேயின் யோசனையைக் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்து 1924இல் சுவிஸ் காப்புரிமை பெற்றார். அவருடைய வாட்சில் திருகே கிடையாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பித்தான் முள்ளை நகர்த்த வேண்டும். உள்ளே இருந்த எடை முழுவட்டமாகச் சுற்றாமல் இரண்டு பக்கமும் முட்டி முட்டித் திரும்பியது. 1931இல், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, ஹார்வுட் நிறுவனம் மூழ்கியது. அதே ஆண்டு ரோலக்ஸ், 360 பாகையும் சுழலும் எடையோடு, அதாவது ரோட்டரோடு, களமிறங்கியது. 1948இல் எடெர்னா, ரோட்டரை ஐந்து சிறு பால் பேரிங்குகள் மேல் உட்கார வைத்தது. ஜப்பானின் சீக்கோ 1959இல், ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங் முறுகும்படி எளிய நெம்புகோல் ஒன்றைக் கொண்டுவந்தது. விலை இறங்க அதுவே வழிவிட்டது.

இந்தியச் சாமானியரின் கைக்கு வாட்ச் வந்தது மத்திய அரசு நிறுவனமான எச்எம்டி வழியாக. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் உற்பத்தி தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர் எல்லாம் கையால் சாவி கொடுப்பவை. ரஜத், காஞ்சன் போன்றவை ஆட்டோமேட்டிக். காஞ்சனுக்குக் கல்யாணச் சீர்வரிசையில் தனி இடம். மாப்பிள்ளைக்குக் காஞ்சன் வாங்கிக் கொடுத்தோம் என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருந்தது. இன்னொரு பக்கம், வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டியில் சீக்கோ 5 வந்திறங்கியது. 1963இல் பிறந்த இந்த ஆட்டோமேட்டிக் வாட்ச், வெளிநாடு போய் வந்ததற்கு மணிக்கட்டில் தெரியும் அடையாளமானது.

சமவெளியில் இப்படி இருக்க, கல்வராயன் மலையில் அப்போதும் ஜாகீர் ஆட்சிதான். சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் மலை இருந்தது. ஜாகீர்தார் கூப்பிட்டால் கூலியில்லாமல் வேலைக்குப் போக வேண்டும். 1976இல்தான் அரசு இந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. காஞ்சன் மாப்பிள்ளைகள் கீழே மணி பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், கரியாலூர்ப் பக்கத்து மனிதரின் நாள் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை இன்னொருவர் தீர்மானித்துக்கொண்டிருந்தார்.

சாவியின் காலத்தை முடித்தது குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ ஆஸ்ட்ரான் டோக்கியோவில் விற்பனைக்கு வந்தது. பேட்டரி போட்டால் போதும். நாளுக்கு ஒரு வினாடி கூடப் பிசகாது. தமிழ்நாட்டில் அந்த மாற்றத்துக்கு ஓசூர் முகவரியானது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸை நம்பி இறங்கிச் சந்தையைப் பிடித்தது. எச்எம்டி எழுந்திருக்கவே இல்லை. அதன் வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

வேண்டாம் என்று ஒதுக்கிய ஸ்பிரிங் வாட்ச், 1990களில் ஆடம்பரப் பொருளாகத் திரும்பி வந்தது. அதோடு வைண்டரும் வந்தது. தொழிற்சாலைகளில் அது முன்பே இருந்த கருவிதான்: புது வாட்சுகளைச் சக்கரத்தில் மாட்டிச் சுழற்றி, சரியாக முறுகுகிறதா என்று சோதிப்பார்கள். அந்தச் சோதனைச் சக்கரத்துக்குத் தோலும் வெல்வெட்டும் கண்ணாடிக் கதவும் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். 1834இல் ஜெர்மனியில் நகைப்பெட்டி செய்யத் தொடங்கிய வுல்ஃப், 1898இல் லண்டனில் தொடங்கிய ராப்போர்ட் போன்ற பழைய நிறுவனங்களுக்கு இது புதுத் தொழிலானது.

இனி அலமாரியைத் திறந்து பார்க்கலாம்.

முதலில் கேட்க வேண்டியது, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்பது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வாட்சுக்கு நாளுக்கு 650 முதல் 800 சுற்று போதும். சில நிமிடம் சுழன்று நீண்ட நேரம் ஓய்வெடுக்கும் வைண்டரே நல்லது. சீக்கோ இரு பக்கச் சுழற்சியிலும் முறுகும். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215 ஒரு பக்கம் மட்டுமே முறுகும். மறுபக்கம் சுழற்றினால் மின்சாரம்தான் வீண். ஒவ்வொரு வாட்சுக்கும் சுற்று எண்ணிக்கையும் திசையும் தனித்தனியாக வைக்க முடியாத அலமாரியை வாங்கக் கூடாது.

அதிகமாகச் சுழன்றால் ஸ்பிரிங் அறுந்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை. ஆட்டோமேட்டிக் வாட்சின் ஸ்பிரிங், முழுக்க முறுகியதும் தன் கூட்டின் சுவரில் வழுக்கிக்கொள்ளும். ஆனால் நாள் முழுக்க வழுக்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சுவர் தேயும். பல்சக்கரங்களும் ஓய்வில்லாமல் ஓடித் தேயும். கட்டாத வாட்சை வைண்டரில் வைப்பது, எங்கும் போகாத மோட்டார் சைக்கிளை வாசலில் ஓடவிட்டு வைப்பதைப் போல.

நிறுத்தி வைத்தால் எண்ணெய் உறைந்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. கடல் விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெயை ஊற்றிய காலத்துப் பேச்சு அது. இப்போதைய செயற்கை எண்ணெய், வாட்ச் சில மாதம் நின்றதால் கெட்டுவிடாது.

அப்படியானால் வைண்டர் யாருக்கு? தேதி, கிழமை, மாதம், லீப் ஆண்டு வரை தானே கணக்கிட்டு, 2100 வரை திருத்தவே வேண்டாத நிரந்தர நாட்காட்டி வாட்ச் வைத்திருப்பவருக்கு. அது நின்றுபோனால் மறுபடி சரிசெய்வது பெரிய வேலை. தவறான நேரத்தில் பொத்தானை அழுத்தினால் சக்கரம் கெடவும் கூடும். அவருக்கு வைண்டர் நியாயமான செலவு. மற்றவர்கள் காலையில் திருகை இருபது முப்பது முறை சுற்றி, நேரம் வைத்து, கட்டிக்கொண்டு கிளம்பலாம். கையால் முறுக்க இடமில்லாத பழைய சீக்கோ 5 ஆனால் கொஞ்ச நேரம் மெதுவாக ஆட்டினால் ஓடத் தொடங்கிவிடும்.

இங்கே முக்கியமான இன்னொரு செய்தி: தமிழ் வீடுகளில் தாத்தா காலத்து வாட்ச் என்று பத்திரமாக இருப்பவற்றில் நிறைய ஜனதாவும் பைலட்டும்தான். அவற்றில் ரோட்டரே கிடையாது. வைண்டரில் நூறு நாள் சுழன்றாலும் ஒரு பல்கூட முறுகாது.

மோட்டாரையும் பார்க்க வேண்டும். மலிவான மோட்டாரின் காந்தம் வாட்சின் மெல்லிய ஸ்பிரிங்கைப் பாதித்து நேரத்தை வேகமாக ஓட்டிவிடும். வாங்கும்போது சாதாரணத் திசைகாட்டி ஒன்றை வாட்ச் வைக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். முள் துள்ளினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். படுக்கையறையில் வைப்பதாக இருந்தால் இரவு அமைதியில் சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. மின்வெட்டு உள்ள ஊர்களில் பேட்டரியிலும் ஓடும் வகை உதவும்.

மிஞ்சுவது மரம். விற்பனைக்கு வரும் அலமாரிகள் பலவும் மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகையில் பளபளப்புப் பூசியவை. கடலோர ஈரத்தில் அவை ஊதிப்போகும். கல்வராயன் மலையடிவாரத்தில் இதற்கு மாற்று இருக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதி மரச்சிற்பிகள் சாமி சிலையும் வாகனமும் கதவும் செதுக்குபவர்கள். மதுரைப் பாணியை இங்கே கொண்டுவந்த மரபு அவர்களுடையது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மோட்டார் சில ஆண்டில் ஓயும். நல்ல தேக்கும் வாகையும் தலைமுறைகள் தாங்கும். அதனால் இரண்டையும் ஒன்றாக வாங்காமல், கழற்றி மாற்றக்கூடிய சிறு வைண்டர்களைத் தனியே வாங்கி, கூட்டை ஒரு தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

சுருக்கமாகச் சொன்னால்: நிரந்தர நாட்காட்டி வாட்ச் இருந்தால் திசையும் சுற்றும் தனியே வைக்கக்கூடிய வைண்டர் ஒன்று வாங்கலாம். நாலைந்து சாதாரண ஆட்டோமேட்டிக் வாட்ச் மட்டும் என்றால் பூட்டுள்ள நல்ல மரப்பெட்டியும் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். மிச்சமாகும் பணத்தை, ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்ய ஒதுக்கி வையுங்கள்.